சொந்த முகவரி

எங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. வலியைப் பற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு மெயில் எழுதினார், இரண்டு பக்கத்துக்குப் புலம்பல். மறுநாள் காலை செய்தி படிக்கலாமென்று போனைத் திறந்தால் போகிற பக்கமெல்லாம் முழங்கால் பட்டை, முழங்கால் தைலம், முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தவணை வசதி. அப்பா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என் முழங்கால் வலி எனக்கும் எங்க அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். இவனுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. ஓசியில மெயில் குடுக்கறவன் சும்மாவா குடுப்பான்?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா காதில் ஒரு விஷயம் விழுந்துவிட்டால் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்காமல் விடமாட்டார். அவர் வேலை அப்படி. லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டுக்குள் எடைக்கற்களை ஏற்றி, ஒவ்வொரு மாடிக்கும் அனுப்பி, பாதி வழியில் மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார். ஒரு மாடி விட்டுப்போனாலும் கையெழுத்துப் போடமாட்டார். கட்டட முதலாளிகள் அவரைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

அப்புறம் கொஞ்ச காலம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சொந்தமாக ஒரு பெயரை வாங்கிப் பதிவுசெய்துகொண்டால் அந்தப் பெயரிலேயே மெயில் வைத்துக்கொள்ளலாம், எந்தப் பெரிய கம்பெனியும் எட்டிப் பார்க்க முடியாது என்று எங்கோ படித்துவிட்டார். குடும்பத்துக்கென்று ஒரு பெயர் தேடினார். நல்ல பெயரையெல்லாம் யார் யாரோ ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் 'முப்பத்திரண்டு' கிடைத்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அவர் முகத்தில் ஒரு கூச்சம். முப்பத்திரண்டு பல். அம்மாவின் தொழில் பல் செய்வது.

உடைந்த முன்பல், அழுகிப்போன கடைவாய்ப் பல் என்று டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். அம்மா லேபில் உட்கார்ந்து அதற்குப் பீங்கானில் பல் செய்வாள். பக்கத்துப் பல்லோடு நிறம் சேர வேண்டும், அதுதான் கஷ்டம். வெறும் வெள்ளையாக வைத்தால் கழிவறை ஓடு மாதிரி இருக்கும் என்பாள். நுனியில் லேசாக ஒரு நீலம், ஈறோரத்தில் கொஞ்சம் மஞ்சள், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு கீறல். இந்த வேலை அவளை ஒரு மாதிரி ஆக்கிவிட்டிருந்தது. என் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள், வாயைப் பார்ப்பாள். "உங்கம்மாவுக்குக் காது கேக்காதாடி?" என்று ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

தாத்தா படுக்கையில் விழுந்தபோது அம்மா வேலையை விட்டாள். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் போன பிறகு காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான், முன்பு அவளிடம் பல் செய்து வாங்கிய டாக்டரம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தாள். அவர் சொந்தமாக ஒரு லேப் ஆரம்பிக்கப் போகிறாராம்.

"முன்பல் செய்யற மேசைக்கு உன்னைத்தான் நெனச்சிட்டிருக்கேன்னாங்க," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள் அம்மா. "நான் செஞ்ச பல்லோட படமெல்லாம் சேத்து ஒரு மெயில் போடச் சொன்னாங்க. பார்ட்னருக்குக் காட்டணுமாம்." வாய் கொள்ளாத சிரிப்பு. அவள் பல் வரிசை அத்தனை ஒழுங்கில்லை, அதனால் சாதாரணமாக உதட்டை மூடித்தான் சிரிப்பாள். அன்றைக்கு அதை மறந்துவிட்டாள்.

அப்பா விடுவாரா? "பழைய ஓசி முகவரியிலேருந்து போடாதே. ஆளும் ஓசின்னு நெனச்சிடுவாங்க. நம்ம சொந்த முகவரியிலேருந்து போனா ஒரு மதிப்பு" என்றார். இரண்டு நாள் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்து எங்கள் மூவருக்கும் 'முப்பத்திரண்டு' பெயரில் ஆளுக்கொரு பெட்டி திறந்தார்.

பிறகு பரிசோதனை. அப்பா கூடத்திலிருந்து சமையலறையிலிருக்கும் அம்மாவுக்கு 'டீ கிடைக்குமா?' என்று ஒரு மெயில் அனுப்பினார். சமையலறையில் டிங் என்றது. அம்மா 'கிடைக்காது' என்று பதில் அனுப்பினாள். கூடத்தில் டிங். நான் மாடியிலிருந்து 'எனக்கும் ஒரு டீ' என்று அனுப்பினேன். இரண்டு இடத்திலும் டிங். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா? இமைக்கறதுக்குள்ள போகுது!" அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. துணி உலர்ந்துவிட்டது, சாவி எங்கே, குளியலறையை யார் இப்படி வைத்தது, எல்லாம் மெயில்தான். ஒன்றுகூடத் தவறாமல் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே போகிற மெயில் எங்கே தவறப் போகிறது? அதை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பழைய முகவரிகளை மூடச் சொல்லி அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்தார். அம்மா அவர் சொன்ன பொத்தானை அழுத்தினாள். நான் மட்டும் 'அப்புறம் பண்றேன்ப்பா' என்று நழுவினேன். என் சிநேகிதிகள், கல்லூரி எல்லாம் பழைய முகவரியில்தான். 'முப்பத்திரண்டு' முகவரியை நான் டீ கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அம்மா டாக்டரம்மாவுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. புது லேப், அலைச்சல் இருக்கும் என்றோம். மாதம் ஒன்று போனது. அப்பா, "ஒரு போன் பண்ணிப் பாரேன்" என்றார்.

"எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். பாத்துட்டுப் பிடிக்கலன்னு பேசாம இருக்காங்க. இதுக்கு மேல போன் பண்ணினா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்த டாக்டர் இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போய், பை கனத்து, கை சிவந்து வருவாள்.

வேறு லேபுகளுக்கு எழுத ஆரம்பித்தாள். ஒரு இடத்துக்குப் போன் செய்தும் பார்த்தாள். "எல்லாம் மெயில்ல அனுப்புங்க மேடம், தேவைன்னா நாங்களே கூப்பிடுவோம்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா அனுப்பினாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு 'வேண்டாம்'கூட யாரும் எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்னாலாவது கோபப்படலாம். இது, பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

அப்பா நல்லவர். ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"உன் கையில ஒரு குறையும் இல்ல. நடுவுல இத்தனை வருஷம் விட்டுப்போச்சு, அதான். இப்பல்லாம் சின்ன வயசுக்காரங்களத்தான் தேடறாங்க. நீ கொஞ்சம் எறங்கி வந்து கேட்டுப் பாரேன்."

"எறங்கின்னா?"

"உதவியாளரா இருந்தாலும் சரின்னு ஒரு வரி. சம்பளம் பெரிசில்லன்னு ஒரு வரி."

அம்மா அந்த வரிகளைச் சேர்த்தாள். நானும் என் பங்குக்கு வாயைத் திறந்தேன். "உன் போட்டோவ எடுத்துடும்மா. மூஞ்சியப் பாத்தே வயசக் கணக்குப் போட்டுடுவாங்க." பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு. அம்மா படத்தை எடுத்துவிட்டாள். அன்று மாலை குளியலறைக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். நான் கதவைத் தட்டி, "சீக்கிரம்மா" என்றேன்.

பிறகு அம்மா எழுதுவதை நிறுத்தினாள். மெழுகு செதுக்கும் கத்திகளையும் பீங்கான் பூசும் தூரிகைகளையும் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்ட்டருக்கு ஆள் கேட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டாள். "பல்லிலேருந்து கண்ணுக்கு ஏறியிருக்கேன், பதவி உயர்வுதான்" என்று சிரித்தாள், உதட்டை மூடிக்கொண்டு. அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒரு கவலை விட்டது என்றுகூட இருந்தது. அதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

நானும் அப்போதுதான் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். என் பட்டச் சான்றிதழின் நகல் அன்றைக்கே வேண்டும் என்றார்கள். அது வீட்டில் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன், ஸ்கேன் செய்து என் அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வரவில்லை. மறுபடி கேட்டால், "போயிடுச்சுன்னு காட்டுதே" என்றார். பக்கத்து இருக்கைக்காரி, "ஸ்பேம்ல பாருங்க" என்றாள்.

பார்த்தேன். 'உங்கள் கூந்தல் அடர்த்தியாக வளர' என்று ஒரு மெயில். 'வாழ்த்துகள், நீங்கள் ஒரு கார் வென்றுள்ளீர்கள்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், அத்தனை குப்பைக்கும் நடுவில், அப்பா. முழுப்பெயரோடு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதைப் படம் பிடித்து, 'சொந்த வீடு கட்டினவர் குப்பைத்தொட்டியில் குடியிருக்கிறார்' என்று அடித்து, அப்பாவுக்கு அனுப்பக் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அம்மாவும் இதே முகவரியிலிருந்துதானே எழுதினாள்.

பக்கத்து இருக்கைக்காரியின் சொந்த முகவரிக்கு என் 'முப்பத்திரண்டு' முகவரியிலிருந்து ஒரு மெயில் போட்டேன். ஸ்பேமில் போய் விழுந்தது. அவள் தம்பியின் முகவரிக்குப் போட்டேன், அது வேறு கம்பெனியின் மெயில். அங்கேயும் ஸ்பேம். வெளியே வந்து மாடிப்படியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார்.

"அப்பா, உங்க மெயில் ஸ்பேம்ல கெடந்தது."

"உங்க ஆபீஸ்ல அப்படிக் கண்டிப்பா வெச்சிருப்பாங்கம்மா."

"எங்க ஆபீஸ் மட்டுமில்ல. எங்க போட்டாலும் ஸ்பேம்தான். வெளிய போற எல்லாமே. அப்பா, அம்மா போட்டதெல்லாம்..."

மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

நான் அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரம் கிளம்பி வந்தபோது அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் செருப்புப் போட்டு நடந்தால் எங்களைத் திட்டுகிறவர். அம்மா கடையில் இருந்தாள். பூட்டிவிட்டு வர இரவாகும்.

"தெரியாத எடத்துலேருந்து மெயில் வந்தா, இது நெசமாவே அந்த வீட்டுலேருந்துதான் வந்துதான்னு மத்த மெயில் கம்பெனிக்காரங்க ஒரு அத்தாட்சி தேடுவாங்களாம். நாம பேரைப் பதிவு பண்ணின எடத்துல அதுக்குன்னு சில வரி எழுதி வைக்கணும்" என்றார். திரையைக் காட்டினார். "பெட்டி திறக்கறப்பவே இதை எழுதச் சொல்லி வந்துது. எனக்கு ஞாபகம் இருக்கு. கீழ 'பிறகு செய்யலாம்'னு இருந்தது. அதை அழுத்திட்டு டீ கேட்டு மெயில் அனுப்பினேன்."

அந்த வரிகளை எழுதிச் சரிசெய்ய ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. என் பழைய முகவரிக்கு ஒன்று அனுப்பினார். நேராக வந்து விழுந்தது.

"அம்மா வந்ததும் சொல்லிடலாம்ப்பா."

"வெறுங்கையோட எப்படிச் சொல்றது? ஒரு எடத்துலேருந்தாவது பதில் வரட்டும். அதோட சேத்துச் சொல்லிடறேன்." அவர் விரல்கள் ஏற்கெனவே வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தன. மூன்று பெட்டிகளுக்கும் சொந்தக்காரர் அவர்தான்; எதை வேண்டுமானாலும் அவரால் திறக்க முடியும்.

"அப்பா, அது அம்மாவோடது."

"ஒண்ணே ஒண்ணு. டாக்டரம்மாவுக்குப் போட்டதை மட்டும் மறுபடி அனுப்பிடலாம்."

திறந்தார். அந்தப் பெரிய கம்பெனியைச் சொல்லி எத்தனை நாள் குதித்தோம், அடுத்தவன் மெயிலை எட்டிப் பார்க்கிறான் என்று! எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன்.

டாக்டரம்மாவுக்குப் போட்டதுதான் முதல் மெயில், ஆகவே கடைசியில் இருந்தது. அதற்குப் போக மற்றதையெல்லாம் தாண்டிப் போகவேண்டியிருந்தது. தாண்டிப் போயிருந்தால் போதும்; அப்பா ஒவ்வொன்றாகத் திறந்தார்.

மேலே இருந்த மெயிலில் அம்மா எழுதியிருந்தாள்: 'அச்சுத் தட்டுகளைக் கழுவும் வேலை என்றாலும் மகிழ்ச்சியுடன் செய்வேன். ஒரு மாதம் சம்பளமில்லாமல் வேலைசெய்து காட்டவும் தயார். தயவுசெய்து ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.' அதற்கு முந்தியதில் தட்டு கழுவுவது இல்லை, சம்பளமில்லாமல் ஒரு வாரம் மட்டும். அதற்கும் முந்தியதில், அப்பா சொல்லிக்கொடுத்த இரண்டு வரிகள், அவர் வார்த்தையிலேயே. இன்னும் கீழே போகப் போக அம்மா நிமிர்ந்துகொண்டே வந்தாள். ஒரு மெயிலில் அவள் படம் திரும்ப வந்தது. கடைசியில் டாக்டரம்மாவுக்கு எழுதியது: 'முன்பற்களின் நிறத்தைப் பொறுத்தவரை நான் செய்த எதையும் இதுவரை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. வழக்கம்போல, நோயாளியை ஒருமுறை நேரில் பார்க்க என்னை அனுமதிக்க வேண்டும். படத்தை வைத்து மட்டும் நான் நிறம் சொல்ல மாட்டேன்.' நிபந்தனை! எங்கள் அம்மா நிபந்தனை போட்டிருக்கிறாள்.

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. அப்படி நிபந்தனை போட்டவளைப் படிப்படியாகத் தட்டு கழுவுகிற இடம் வரைக்கும் இறக்கிவிட்டது யார்? பதில் எழுதாத லேப்காரர்களா? அவர்களுக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. நாங்கள்தான், சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அன்போடு.

முதல் மெயிலை மட்டும் மறுபடி அனுப்பினார் அப்பா. அம்மா வந்தபோது இரண்டு பேரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். "என்ன அதிசயம், ரெண்டு பேரும் ஒரே சேனல் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா கால் கழுவப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் டிங் என்றது. "யாரு, டீ கேக்கறது நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தாள். ஈரத்துணியைக் கீழே வைத்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'ஒருவழியாக எழுத மனசு வந்ததே. உன் நம்பர் என்னிடம் இல்லை, பழைய முகவரிக்கு எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. உனக்கு இஷ்டமில்லை என்று நினைத்து முன்பல் மேசைக்கு வேறொருவரை எடுத்துவிட்டேன். அவருக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது. வருவாய் என்றால் கூப்பிடு.'"

அம்மாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஒருவழியாவா? நான் அப்பவே எழுதினேனே!" என்று திரையைக் கீழே தள்ளினாள். அடியில் அவள் மெயில் இருந்தது, தேதியோடு. "நேத்து சாயங்காலம்னு போட்டிருக்கு. நேத்து சாயங்காலம் நான் கடையிலல்ல இருந்தேன்?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா உப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"சில சமயம் மெயிலு எங்கயாவது தங்கிட்டு லேட்டாப் போகும்" என்றார்.

அம்மா தலையாட்டினாள். "ஓ, அப்படியும் ஆகுமா?" என்றாள். நம்பிவிட்டாள். மெஷின் விஷயத்தில் அப்பா சொன்னால் அம்மாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா!" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்பா சொன்னார். 'பிறகு செய்யலாம்' பொத்தானிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னார். உப்புக் கிண்ணத்திடம்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அம்மா போனை மேசைமேல் வைத்தாள்.

"அப்ப, ஒருத்தரும் என் மெயிலப் பாக்கவே இல்ல."

"இல்ல."

"நீங்க பாத்தீங்க."

அப்பா தலையைக் குனிந்தார். "நானும் பாத்தேம்மா," என்றேன் நான்.

"எல்லாத்தையுமா? அந்தத் தட்டு கழுவறதையுமா?"

நான் தலையாட்டினேன். அம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. தவறு செய்தவர்கள் நாங்கள், வெட்கப்பட்டவள் அவள். எழுந்து போய் அவள் காலில் விழலாமா என்று இருந்தது. அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை, உட்கார்ந்தே இருந்தேன்.

"எப்பேர்ப்பட்ட தப்பு பண்ணிட்டேன்," என்றார் அப்பா. "அந்த ஒரு பொத்தான்..."

"பொத்தான விடுங்க. யாருக்கும் மறந்துபோகும்." அம்மா ஈரத்துணியை எடுத்து மறுபடி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே துடைத்த இடத்தையே. "ஊர்ல இருக்கற லிஃப்ட் எல்லாம் எல்லா மாடிக்கும் போகுதான்னு பாக்கறீங்க. இத்தனை மாசம் ஒரு பதில் வரல. மெயில் போகுதான்னு ஒரு நாளாவது பாக்கணும்னு தோணல. எனக்கு வயசாயிடுச்சுன்னு தோணிச்சு. கை விட்டுப்போச்சுன்னு தோணிச்சு. அது எவ்வளவு சீக்கிரம் தோணிச்சு உங்களுக்கு!"

அப்பா ஏதோ சொல்ல வந்தார்.

"என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. ஆறுதல் சொன்னீங்க. இனிமே எனக்கு ஆறுதல் மட்டும் சொல்லாதீங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அம்மா போனை எடுத்தாள். அப்பா பதறிப்போய், "இப்ப சரி பண்ணிட்டேன், மெயிலே போடலாம், கண்டிப்பாப் போகும்" என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள். எதிரே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"டாக்டர், நான்தான்... ஆமா, பாத்தேன்... இல்ல டாக்டர், கோவமா? எனக்கென்ன கோவம்... வர்றேன் டாக்டர். அவங்களுக்குக் கீழன்னாலும் சரி. ஆனா நோயாளிய நேர்ல பாக்காம நிறம் சொல்லமாட்டேன், அது மட்டும் பழையபடிதான்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவுக்குக் கனத்த குரல். அடுத்து அவர் கேட்டதும் எங்களுக்குத் தெளிவாகவே காதில் விழுந்தது.

"அப்புறம் ஏன்மா இத்தனை நாளா ஒரு போன்கூடப் பண்ணல?"

மெயிலில் கோளாறு என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அது உண்மைதான், சொல்லவும் சுலபம். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தார். அம்மா தடுமாறினால் விவரத்தை எடுத்துக் கொடுக்கத் தயாராக வாயைத் திறந்துவைத்திருந்தார்.

"எனக்கு இனிமே இந்த வேலை வராதுன்னு வீட்டுல எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணிட்டோம் டாக்டர்," என்றாள் அம்மா. குரலில் சண்டையில்லை, யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். "நானும் சேந்துதான்."